அம்மா பெல் அடித்த ஓட்டல்

போன வாரம் என் மகள் பால் பொங்குவதற்குள் ஓர் ஓட்டலைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். போனில் விரலால் நாலு தள்ளு தள்ளினாள், படம் பார்த்தாள், நட்சத்திரம் பார்த்தாள், முடிந்தது. முட்டிக்குத் தைலமும் கண்ணுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடியும் வந்துவிட்ட என் வயசுக்காரர்களே, இதன் அநியாயம் உங்களுக்குத்தான் புரியும். எங்கள் வீட்டில் முதன்முதலாக டூர் போவதற்கு ஓட்டல் தேடியபோது, கோடையில் தொடங்கிய வேலை மழைக்காலம் வரை இழுத்தது. இத்தனைக்கும் அப்பா லாட்ஜ் மேனேஜர். அதனால்தான் இழுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஏரியிலிருந்து பஜாருக்குப் போகும் வழியில் இருந்தது அந்த லாட்ஜ். முதலாளி சேலத்தில் இருப்பார். மலைமேல் எல்லாம் அப்பா ராஜ்ஜியம். லாட்ஜுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில் ஓடு போட்ட இரண்டு அறை வீடு எங்களுக்கு. அப்பா, அம்மா, நான், தம்பி. இவர்களோடு ரூம் பாய் ஒருவர். ரூம் பாய் என்பதைப் பார்த்துச் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மலைக் கிராமமான தலைச்சோலைக்காரர், அப்பாவைவிட மூத்தவர், கல்யாண வயதில் பேத்தி இருந்தது.

பள்ளிக்கூட லீவு விட்டதும் கீழேயிருந்து ஜனம் பஸ் பஸ்ஸாக மலை ஏறும். ஊரில் அறை கிடைக்காது. அப்போது ஏற்காட்டில் பாதிப் பேர் செய்வதை அப்பாவும் செய்வார். எங்கள் வீட்டையே வாடகைக்கு விட்டுவிடுவார். அதுவரை வீடு என்று இருந்தது, ஒரே நாளில் 'காட்டேஜ்' ஆகிவிடும். அம்மா பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கி, பாத்திரங்களையும் துணிமணிகளையும் அதில் அடைப்பாள். நாங்கள் நாலு பேரும் லாட்ஜின் தலையணை ரூமுக்குக் குடிபோவோம். சீசன் முடியும்வரை அங்கேதான் படுக்கை.

எனக்கும் தம்பிக்கும் தலையணை ரூம் சொர்க்கம். கூரை வரை அடுக்கிய கம்பளிகள், பாச்சா உருண்டை வாசனை, குதித்தால் புதைகிற மெத்தைக் குவியல். நாங்கள் இருவரும் சீசன் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அம்மாவுக்கு அந்தச் சொர்க்கத்தில் வேலை வேறு. விடிந்ததும் வெந்நீர்ப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய், தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் வரச் சொல்லும்வரை வாசலில் நிற்பாள். அது எனக்கு அப்போது விநோதமாகவே படவில்லை.

பெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையல்கட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி. எந்த அறையில் பெல் அடித்தாலும் அது 'கிர்ர்' என்று கத்தும், அந்த அறை நம்பருக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். கத்திய மறுநொடி யாராவது ஓட வேண்டும். ரூம் பாய் வேறு எங்காவது இருந்தால் அப்பா ஓடுவார். அப்பா கவுண்டரில் மாட்டிக்கொண்டால் அம்மா ஓடுவாள். அப்பாவுக்கு அந்தச் சத்தம் உடம்பிலேயே ஊறிவிட்டது. சேலத்தில் பெரியப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தபோது வாசலில் யாரோ காலிங்பெல் அடித்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த அப்பா எச்சில் கையோடு எழுந்து, "இதோ வந்துட்டனுங்க" என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்து, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் ஏரி தெரிகிற ரூமா, சாதா ரூமா என்று கேட்டார். பெரியப்பா வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வருஷ சீசனில் எங்கள் வீட்டில் மெட்ராஸ் குடும்பம் ஒன்று தங்கியது. அந்த அம்மாள் பெல் அடித்தார். அம்மா போனாள். அலமாரியைத் திறந்தால் ஒரே பெருங்காய வாசனை, இங்கே யாராவது குடியிருந்தார்களா என்று கேட்டார் அந்த அம்மாள். யாரோ இருந்தாங்க என்று சொல்லிவிட்டு, பினாயில் போட்டு அலமாரியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள் அம்மா.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் போர்வை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு முனை நான், ஒரு முனை அம்மா. மடிப்பு கிட்ட வந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு வாட்டியாச்சும் நா ஒரு ரூம்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு பெல் அடிக்கோணும் கண்ணு. யாராச்சும் வந்து என்னங்க வேணும்னு கேக்கோணும்."

சொல்லிவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடமும் விஷயத்தைப் போட்டாள். டூர் போகலாம் என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் இருப்பதே டூரிஸ்ட் ஊரில், கீழே இருக்கிறவன் காசு கொடுத்து இங்கே வருகிறான், நாம் எங்கே போவது என்று கேட்டார்.

"வர்றவனுக்கு வெந்நீர் தூக்கறது நானுங்க" என்றாள் அம்மா.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சரி, சீசன் முடியட்டும், போகலாம் என்றார். எங்கே போவது, எந்த ஓட்டல் என்பதைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும் என்றார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அப்பாவால் எந்த ஓட்டலையும் நம்ப முடியவில்லை. காரணம், எங்கள் லாட்ஜின் விளம்பர நோட்டீஸை எழுதியவரே அவர்தான். 'ஏரி தெரியும் அறை' என்று போட்டிருப்பார். பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, வென்டிலேட்டரில் மூஞ்சியை வைத்தால் ஏரி தெரியும். யாராவது சண்டைக்கு வந்தால், "பனி விலகட்டுமுங்க" என்பார். அமைதியான சூழல் என்றால் பஸ் வராது. இயற்கை எழில் என்றால் குரங்கு வரும். வீட்டுச் சாப்பாடு என்றால் சமையல்காரன் கோபித்துக்கொண்டு ஓடிவிட்டான். இத்தனையும் தெரிந்த மனுஷன் எந்த நோட்டீஸைப் படித்து எந்த ஓட்டலுக்குப் போவார்?

அதனால் அறையைக் காலி செய்ய வருகிறவர்களை எல்லாம் கவுண்டரில் நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தார். உங்கள் ஊரில் ஓட்டல் எப்படி, மெத்தை எப்படி, தண்ணீர் எப்படி. பில்லுக்காக நிற்கிற ஆளுக்குத் தப்பிக்க வழி ஏது? ஒரு பேங்க் அதிகாரி கடற்கரை ஓட்டல் ஒன்றைச் சொன்னார். படுக்கையில் மணல் வரும் என்று அவர் வாய் தவறிச் சொன்னதும் அதை அப்பா தள்ளிவிட்டார். ஒரு வாத்தியார் கோயில் ஊர் லாட்ஜ் ஒன்றைச் சொன்னார். கோயில் ஊர் என்றால் விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்துக் கியூவில் நிற்க வேண்டும், அதற்கு இங்கேயே நின்றுகொள்கிறேன் என்று அம்மா தள்ளிவிட்டாள். ரூம் பாய் மட்டும் எந்த ஊரும் வேண்டாம் என்றார். அவர் கடலைப் பார்த்ததில்லை. கடலோரத்தில் காற்று கூரையைப் பிய்க்கும், மனுஷனையும் இழுக்கும், எதற்கும் கயிறு எடுத்துக்கொண்டு போங்கள் என்பது அவர் யோசனை.

கடைசியில் ஓட்டல் கிடைத்தது எங்கள் மறதிப் பெட்டியிலிருந்து. விருந்தாளிகள் விட்டுவிட்டுப் போகும் சாமான்களை அப்பா ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பார், திரும்பி வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று. யாரும் வந்து கேட்டதில்லை. ஒரு காது உடைந்த கண்ணாடி, ஒற்றைக் கொலுசு, பச்சை விசில், ஒரு பல் செட். பல் செட்டைக் கையில் மாட்டிக்கொண்டு தம்பி என்னைத் துரத்துவான். அந்தப் பெட்டியைக் கிளறும்போது ஒரு வழவழப்பான கலர் நோட்டீஸ் வந்தது. மெட்ராஸ் பக்கம் கடலோரமாகப் புதிதாக வந்திருக்கும் ராட்டினப் பார்க், அதற்குள்ளேயே தங்கும் ஓட்டல். சிமென்ட் யானை ஒன்று தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சுகிறது. வளைந்து வளைந்து இறங்கும் நீலச் சறுக்கு. அதில் வாயைப் பிளந்தபடி எங்கள் வயசுப் பிள்ளைகள்.

தம்பி அன்றிலிருந்து யானை யானை என்று பிடுங்கி எடுத்தான். அப்பா நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யானை படத்தில் பெரிதாக இருந்தால் நேரில் சிறிதாக இருக்கும் என்றார். 'கடல் தெரியும் அறை' என்ற வரியைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு. அம்மா வந்து வாங்கிப் பார்த்தாள். யானையைப் பார்க்கவில்லை. மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் அறையின் படம் இருந்தது. கட்டில், வெள்ளை விரிப்பு, தலைமாட்டுச் சுவரில் வெள்ளையாக ஒரு சுவிட்ச். அதன்மேல் விரலை வைத்து, இது பெல்லா என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"இதுக்கே போலாமுங்க" என்றாள் அப்பாவிடம்.

பிள்ளைகள் ராட்டினம் சுற்ற ஆசைப்படுகிறார்கள், தாய் மனசு கேட்கவில்லை என்று அப்பா நினைத்துக்கொண்டார். கவுண்டரில் எல்லோரிடமும் அப்படியேதான் சொன்னார். மே மாதம் வெந்நீரைச் சொல்லி அம்மா கேட்டது அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? அம்மா திருத்தவில்லை.

இருந்தாலும் அப்பா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எஸ்.டி.டி. போட்டு அந்த ஓட்டல் மேனேஜரிடம் பேசினார். எங்கள் விருந்தாளிகள் அப்பாவைக் கேட்டுப் படுத்தும் கேள்விகள் அத்தனையையும் அந்த ஆளிடம் கேட்டார். வெந்நீர் வருமா, கம்பளி ஈரமாக இருக்குமா, குரங்குத் தொல்லை உண்டா. கடற்கரையில் ஏது சார் குரங்கு என்றாராம் அந்த ஆள். குரங்கே இல்லாமல் ஒரு டூரிஸ்ட் இடமா என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐப்பசி கடைசியில் வருகிறோம், ரூம் இருக்குமா என்று கேட்டார். அதற்கு அந்த மேனேஜர் சொன்ன பதிலை அப்பா போனை வைத்துவிட்டு எங்களுக்கு நடித்தே காட்டினார்.

"உங்க நேரம் சார், ஒரே ஒரு ரூம்தான் இருக்கு. இப்பவே சொல்லிட்டா உங்களுக்குப் பிடிச்சு வெக்கறேன், இல்லேன்னா சாயங்காலம் போயிடும்."

ஆள் நடமாட்டமே இல்லாத மாதத்தில், சாவிப் பலகை முழுக்கச் சாவி தொங்கும்போது, அப்பா சொல்கிற அதே பொய். ஒரு எழுத்து மாறவில்லை. அப்பா நெகிழ்ந்துபோய்விட்டார். "தொழில் தெரிஞ்ச ஆளு" என்றார். அந்த நிமிஷமே ரூம் பிடித்தாயிற்று. இத்தனை மாதம் மெத்தையையும் தண்ணீரையும் விசாரித்த மனுஷன், கடைசியில் ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பொய்யின் அழகுக்காக.

ஐப்பசி கடைசி என்று யார் முடிவு செய்தது என்று கேட்காதீர்கள். எங்கள் மலையில் மே மாதம்தான் சீசன், மழையும் மூடுபனியும் வந்தால் ஆஃப் சீசன், ரூம் பாய்கூடக் காப்பிப் பழம் பறிக்கத் தலைச்சோலைக்குப் போய்விடுவார். எல்லா ஊருக்கும் பஞ்சாங்கம் அதுதான் என்று அப்பா இருந்தார். பார்க்கிற ஆளை எல்லாம் விசாரித்தவர், கடலோரத்தில் அந்த மாதம் வானம் உடைந்து கொட்டும் என்பதை மட்டும் ஒருவரிடமும் கேட்டு வைக்கவில்லை.

மூட்டை கட்டியது அம்மா. டூர் போகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன, வருஷம் பூரா பார்க்கிறோமே. ஸ்வெட்டர், மங்கி குல்லா, பெரிய பிளாஸ்க், கூலிங் கிளாஸ். அப்படியே எங்களுக்கும் ஆயிற்று. ரூம் பாய் தலைச்சோலைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு கயிற்றுச் சுருளைத் தம்பி கையில் திணித்து, "இடுப்புல கட்டிக்கோ சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு வெளியூர்க்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பட்டாணி கொறித்தபடி அடிவாரம் வரை இறங்கினோம், தம்பி ஒரு ஏப்பம்கூட விடவில்லை. சேலம் தாண்டி ரோடு நேராகப் போனதும் அவனுக்குக் குமட்ட ஆரம்பித்தது. வளைவே இல்லாத ரோடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மெட்ராஸ் வரை கைக்குட்டையும் எலுமிச்சம்பழமுமாக அம்மாவின் மடியில் கிடந்தான்.

போய் இறங்கினோம். மழை என்றால் அப்படி ஒரு மழை. யானை இருந்தது, அப்பா சொன்ன மாதிரி சிறியதாகவே இருந்தது. அதன் தும்பிக்கையில் தண்ணீர் வரவில்லை, மற்ற எல்லா இடத்திலிருந்தும் வந்தது. ராட்டினத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சறுக்கின் அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. தம்பி அழுகிற வாயை மங்கி குல்லா மூடியிருந்ததால் சத்தம் கொஞ்சம் கம்மியாக வந்தது. கடற்கரைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வந்த ஒரே குடும்பம் நாங்கள்தான், குளிராமல் இருந்ததும் நாங்கள்தான்.

கவுண்டரில் அந்த மேனேஜர் தனியாக நின்றார். அவருக்குப் பின்னால் பலகை நிறையச் சாவி. அப்பா பலகையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மழையைப் பார்த்தார். "போன்ல நல்லா பேசினீங்க" என்று அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அறைக்கு வந்ததும் அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, கல்யாணத்துக்குப் போவதற்கு வைத்திருந்த புடவையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பா பெட்டிகளைத் தூக்கி வர மழையில் கேட் வரை போயிருந்தார். அம்மா கட்டிலில் ஏறி, தலையணையைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். எங்களைப் பார்த்து ஒருமுறை வெட்கமாகச் சிரித்துவிட்டு, சுவிட்சை அமுக்கினாள். கீழே எங்கோ 'கிர்ர்' என்று கேட்டது.

யாரும் வரவில்லை. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று மறுபடி அமுக்கினாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பிகூட அழுகையை நிறுத்திவிட்டான். வெகுநேரம் ஆயிற்று. அம்மாவின் முகம் மாறிப்போனது. "நாமதா போயிக் கேட்டு வாங்கிக்கோணுமாட்ட இருக்குது" என்று காலைக் கீழே வைத்தாள். ஓடிப்போய் யாரையாவது சட்டையைப் பிடித்து இழுத்துவர வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் இழுத்துவர யார் இருந்தார்கள்? எங்கள் ரூம் பாய் காப்பி பறிக்கப் போன மாதிரி, அங்கே ரூம் பாய்கள் எல்லாம் நடவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆஃப் சீசனில் லாட்ஜ் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கா தெரியாது?

அப்பா பெட்டிகளோடு வந்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், கம்பளியை மோந்து பார்த்தார், நேராகப் பாத்ரூமுக்குப் போனார். பக்கெட்டைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், அத்தனை சந்தோஷமாக: "கடல் தெரியுது."

அம்மா தரையில் நின்றபடியே, கடைசியாக ஒருமுறை என்பதுபோல், கையை நீட்டி சுவிட்சை அமுக்கினாள்.

"இதோ வந்துட்டனுங்க!"

பாத்ரூமில் பக்கெட் உருண்டது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து ஓடினார், கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் போய் நின்றது. அங்கேதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும், பெல் அடித்தது யார் என்று.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. பிறகு காலடிகள் மெதுவாகத் திரும்பி வந்தன. கதவை யாரோ தட்டினார்கள்.

நான் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். திரும்பக் கட்டிலில் ஏறினாள், தலையணையைச் சரி செய்தாள், காலை நீட்டினாள், புடவைக் கொசுவத்தை நீவினாள். அவ்வளவு நேரமும் அப்பா வெளியே நின்றார். பிறகுதான், "வாங்க" என்றாள்.

அப்பா உள்ளே வந்து கதவோரமாக நின்றார். "பெல் அடிச்சீங்களா? என்னங்க வேணும்?"

அதற்கு முன்னால் அப்பா அம்மாவை 'இந்தா' என்றும் 'ஏ புள்ள' என்றும் கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் பிசகவில்லை.

"காப்பி ஒண்ணு. சூடா இருக்கோணும்."

அப்பா போனார். வர நேரமாயிற்று. சமையல்காரரும் இல்லாததால், அந்த மேனேஜரும் அவருமாக அடுப்பைப் பற்றவைத்து, பால் தேடி, டிகாஷன் இறக்கியிருக்கிறார்கள். தட்டில் வைத்து, மேலே ஒரு மூடி போட்டு, கொண்டுவந்து நீட்டினார். அம்மா சாய்ந்தபடியே ஒரு வாய் குடித்தாள்.

"சக்கரை தூக்கலா இருக்குதுங்களே."

"மாத்தித் தர்றனுங்க" என்று அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு போனார். வாசலில் வைத்து நான் அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

மழை நிற்கவே இல்லை. சறுக்கில் நாங்கள் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை, அந்தக் குறை எனக்கும் தம்பிக்கும் இன்றைக்கும் உண்டு. ரூம் பாய் கொடுத்த கயிறு மட்டும் ஈரத் துணி காயப்போட உதவியது. பெல் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது, அப்பா ஓடிக்கொண்டே இருந்தார். ஊர் திரும்பியதும் அப்பா கவுண்டருக்குப் போனார், அம்மா போர்வைகளிடம் போனாள்.

அடுத்த மே மாதம் ஒரு சாயங்காலம், பெட்டி படுக்கையோடு ஒரு பெரிய குடும்பம் வந்து நின்றது. ஊரில் எங்கேயும் அறை இல்லை. அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஜன்னல் வழியாக எங்கள் வீட்டைக் காட்டி, அந்த வீடு காலியாக இருந்தால் கொடுங்கள் என்று கெஞ்சினார். அப்பாவைத் தெரிந்தவள்தானே அம்மா, பரண்மேலிருந்து டிரங்குப் பெட்டியைப் பாதி இறக்கிவிட்டாள். நான் ஓடி வந்து கவுண்டர் பக்கத்தில் நின்றேன். அப்பா எங்கள் வீட்டைப் பார்த்தார்.

"அது காலி இல்லீங்க. அங்க நெரந்தரமா ஒரு பார்ட்டி தங்கியிருக்காங்க. நொம்பக் கறாரான பார்ட்டி. காப்பியில சக்கரை கூடுனாத் திருப்பி அனுப்பிருவாங்க."

நான் வீட்டுக்கு ஓடிப்போய் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா டிரங்குப் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் தள்ளிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.